எனக்குப் பயமாக இருக்கிறது: விர்ஹிலியோ பின்யேராவும் புரட்சியின் ஆண்மையும்

1

1961 ஜூன் மாதத்தில் மூன்று வெள்ளிக்கிழமைகள் ஹவானாவின் தேசிய நூலகத்தில் ஒரு கூட்டம் நடந்தது. ஒரு பக்கம் கியூபாவின் எழுத்தாளர்கள், ஓவியர்கள், நாடகக்காரர்கள், சினிமாக்காரர்கள். எதிரே மேசையில் ஃபிடல் காஸ்ட்ரோவும் புரட்சி அரசின் மற்றப் பொறுப்பாளர்களும். 'பி.எம்.' என்றொரு குறும்படம் தடை செய்யப்பட்டதை ஒட்டி எழுந்த சச்சரவுதான் கூட்டத்துக்குக் காரணம். அந்தப் படத்தில் பெரிசா ஒன்றும் கிடையாது. ஹவானாவின் இரவு, மதுக்கடைகள், ஆட்டம், பாட்டு, ஆடுகிறவர்களில் பலரும் கறுப்பு மக்கள். புரட்சிக்கு எதிராக ஒரு வார்த்தை இல்லை. புரட்சியைப் பற்றியே ஒரு வார்த்தை இல்லை. அதுதான் பிரச்சினை.

அந்தக் கூட்டத்தில் பேச எழுந்தவர்களில் ஒருவர் விர்ஹிலியோ பின்யேரா. 48 வயது. ஒல்லியான உடம்பு. கவிஞர், சிறுகதைக்காரர், எல்லாவற்றுக்கும் மேலாக நாடகக்காரர். அவர் தன்பாலீர்ப்பாளர் என்பது ஹவானாவின் எழுத்து வட்டாரத்தில் ஊரறிந்த சேதி. போர்ஹே, நெரூதா, மார்க்வெஸ் அளவுக்குத் தமிழில் புழங்காத பெயர்.

அவர் என்ன பேசினார் என்பது இரண்டு விதமாக நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கியெர்மோ கப்ரேரா இன்ஃபாந்தே பிற்பாடு நாட்டை விட்டு வெளியேறி எழுதிய நினைவுகளின்படி பின்யேரா எழுந்தார், தனக்கு மிகவும் பயமாக இருக்கிறது என்றார், ஏன் என்று தெரியவில்லை, சொல்ல வேண்டியது அவ்வளவுதான் என்றார், போய் உட்கார்ந்துவிட்டார். பல பத்தாண்டுகள் கழித்து அச்சேறிய கூட்டப் பதிவில் பேச்சு இன்னும் நீளமாக, இன்னும் ஜாக்கிரதையாக இருக்கிறது: கலாச்சாரத்தை அரசு மேலேயிருந்து இயக்கப் போகிறது என்ற பயம் எழுத்தாளர்கள் மத்தியில் உலவுகிறது, அதை மறைப்பதற்கில்லை. இரண்டாவது வடிவத்தில் 'பயம் இருக்கிறது'. முதலாவதில் 'எனக்குப் பயம்'. கியூப இலக்கியத்தின் வாய்மொழி மரபு முதலாவதைத்தான் பிடித்துக்கொண்டது. அப்படிப் பிடித்துக்கொண்டதிலும் ஒரு நியாயம் உண்டு. பொதுவாகப் பயம் உலவுகிறது என்று சொல்வது ஓர் அறிக்கை. எனக்குப் பயம் என்பது அறிக்கை இல்லை. ஒரு உடம்பு சபையில் எழுந்து நின்று தன்னைக் காட்டிக்கொடுப்பது.

பின்யேராவை 'ஒடுக்கப்பட்ட தன்பாலீர்ப்பாளர்' என்று ஒரு வரியில் அடைத்து, அனுதாபப்பட்டுவிட்டுப் போவது சுலபம். இந்தக் கட்டுரை சொல்ல வருவது வேறு. அவரிடம் அதிகாரம் சகித்துக்கொள்ள முடியாமல் போனது அவர் யாரோடு படுத்தார் என்பதை மட்டுமல்ல. பயத்தை ஒளிக்காத ஓர் ஆண் உடம்பை அது சகிக்கவில்லை. அந்தப் பயத்தைத்தான் அவர் வாழ்நாள் முழுக்க நாடகமாக்கிக்கொண்டிருந்தார். இரண்டையும் பிரித்துப் படித்தால் வாழ்க்கையும் விளங்காது, நாடகமும் விளங்காது.

ஸ்பானிய மொழியில் 'மரிக்கோன்' என்று ஒரு வசவு உண்டு. ஆணோடு சேரும் ஆணைத் திட்டும் சொல். அதே சொல்தான் கோழையையும் திட்டுகிறது. ஒரு வசவில் இரண்டு குற்றச்சாட்டு. இதைப் புரிந்துகொள்ள நாம் ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. நம்ம தெருவில் 'பொட்டை' என்று ஒருத்தனைத் திட்டும்போது என்ன நடக்கிறது? நடை, பேச்சு, உடம்பு பெண்ணுடையது என்பதும், சண்டைக்கு வர மாட்டான் என்பதும் ஒரே மூச்சில் சொல்லப்படுகிறது. அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்று நாலு குணத்தைப் பெண்ணின் கணக்கில் எழுதிவைத்த மரபு நம்முடையது. அச்சம் அவளுடைய சொத்து. அதை ஓர் ஆண் எனதென்று கேட்டால் அவன் ஆண் கணக்கிலிருந்தே நீக்கப்படுவான். புறமுதுகு காட்டாதவன்தான் ஆண் என்று பாடிப் பாடி வளர்ந்த சமூகத்துக்குப் பின்யேராவின் வழக்கு அந்நிய வழக்கு இல்லை.

2

பகைமை புரட்சியோடு தொடங்கியதாக ஒரு கதையாடல் இருக்கிறது. அது பொய். பின்யேரா 1912 ஆகஸ்ட் 4இல் கார்தேனாஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். பெரிய குடும்பம், ஓயாத வறுமை. தன் வாழ்க்கையைப் பற்றி எழுதிய குறிப்புகளில், யோசிக்கத் தெரிந்த வயதிலேயே தன்னைப் பற்றி மூன்று அழுக்கான விஷயங்கள் தெரிந்துபோயின என்றும், எவ்வளவு கழுவினாலும் போகாதவை அவை என்றும் சொல்கிறார். தான் ஏழை, தான் ஆண்களை விரும்புகிறவன், தனக்குக் கலை பிடித்திருக்கிறது. இந்த மூன்றும் ஒரே பட்டியலில் இருப்பதைக் கவனிக்க வேண்டும். வர்க்கம், பாலியல், கலை என்று தனித்தனி அலமாரியில் வைத்துப் பேசுவது நம் பழக்கம். அவருக்கு அது மூன்றும் ஒரே கறை.

அவருடைய முதல் பெரிய நாடகம் 'எலெக்ட்ரா கர்ரிகோ'. 1941இல் எழுதியது; 1948 அக்டோபரில் பிரான்சிஸ்கோ மொரின் இயக்கத்தில் மேடையேறியது. கிரேக்கத் துன்பியலை எடுத்து ஹவானாவின் ஒரு நடுத்தர வீட்டுக்குள் கொண்டுவந்து போட்டுவிட்டார். கோரஸ் பாடுவது 'குவாந்தனாமேரா' மெட்டில். அகமெம்னன் போர்வையைப் போர்த்திக்கொண்டு, கைகழுவும் தட்டைத் தலைக்கவசமாக மாட்டிக்கொண்டு வருகிற ராஜா. கிளிட்டெம்னெஸ்ட்ராவைக் கொல்வது விஷம் வைத்த பப்பாளிப்பழம். ஹவானாப் பேச்சு வழக்கில் அந்தப் பழத்தின் பெயருக்குக் கெட்ட அர்த்தம் உண்டு என்பதால், மரியாதைப்பட்டவர்கள் அதை வேறு பெயரிட்டுத்தான் கூப்பிடுவார்கள். துன்பியலின் உச்சத்தில் அதைக் கொண்டுவந்து வைத்தால் மரியாதைப்பட்டவர்கள் சும்மா விடுவார்களா? ஒலிம்பஸ் மலைமீது துப்பிய எச்சில் என்று ஒரு விமர்சகர் எழுதினார். பின்யேரா பதிலுக்கு விமர்சகர்களையே தாக்கி ஒரு கட்டுரை எழுத, நாடக விமர்சகர்களின் சங்கம் அவரை ஒதுக்கிவைத்தது. புரட்சிக்குப் பத்தாண்டுகளுக்கு முந்தைய சங்கதி இது. ஒதுக்கிவைத்தவர்களுக்கு மார்க்சியம் தேவைப்படவில்லை, நல்ல ரசனை என்ற ஒன்றே போதுமாக இருந்தது.

இந்த நாடகத்தின் முடிவு முக்கியமானது. ஒரெஸ்டஸ் வீட்டை விட்டுப் போகிறான். எலெக்ட்ரா போகவில்லை. ஒரே வாசல்தான், அவனுக்கு அது போகும் கதவு, அவளுக்குப் போகாத கதவு. தன்பாலீர்ப்பு 'கதைப்பொருளாக' இருக்கிறதா என்று தேடிக்கொண்டு வருகிற வாசகருக்குப் பின்யேராவின் நாடகங்கள் ஏமாற்றம்தான். தேட வேண்டிய இடம் இந்தக் கதவுதான். அவருடைய மேடை எப்போதும் ஒரு வீடு. வீட்டுக்குள் காற்றில்லை. அம்மா விட மாட்டாள், அப்பா அடங்க மாட்டார், மகன் தப்பிக்கணும், மகள் தங்கிப்போவாள். 'குளிர்ந்த காற்று' என்ற நாடகத்தில் தையல் வேலை செய்து குடும்பத்தைக் காப்பாற்றும் லூஸ் மரினா 1940 முதல் 1958 வரை புழுக்கத்தில் வெந்துகொண்டு, வாங்க முடியாத ஒரு மின்விசிறியைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறாள். அண்ணன் தம்பிகளில் ஒருவன் கவிஞன். புவெனஸ் ஐரிஸ் போகிறான், திரும்பி வருகிறான். பின்யேராவின் சொந்தக் குடும்பம் அது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அந்தக் கவிஞன் யாரை விரும்புகிறான் என்பதை மட்டும் நாடகம் பேசவில்லை. சொல்லாடல்களோடு மௌனங்களையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும் என்று ஃபூக்கோ சொன்னதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

1946க்கும் 1958க்கும் இடையில் பெரும்பகுதியை அவர் புவெனஸ் ஐரிஸில் கழித்தார். அங்கே போலந்து எழுத்தாளர் கொம்ப்ரோவிச் கையில் காசில்லாமல் நாள் ஓட்டிக்கொண்டிருந்தார். காபிக்கடை மேசையில் ஒரு கூட்டமே உட்கார்ந்து அவருடைய 'ஃபெர்திதுர்க்கே' நாவலை ஸ்பானியத்துக்குக் கொண்டுவந்தது. 1947இல் அது வெளியானது. அந்தக் கூட்டத்தின் தலைவர் பின்யேரா. வளராத, முதிராத, உருத்திரளாத மனிதனுக்காக வாதாடிய நாவல் அது. முதிர்ந்த, திடமான, இலட்சியமான மனிதர்களை உற்பத்தி செய்யக் கிளம்பிய ஒரு நாட்டுக்குத் திரும்பி வரப்போகிறவருக்கு இதைவிட மோசமான தயாரிப்பு இருக்க முடியாது.

1952இல் வந்த அவருடைய நாவல் 'ரெனேயின் சதை'. ரெனேயின் அப்பா ஒரு ரகசிய இயக்கத்தின் தலைவர். இயக்கத்தின் லட்சியம் என்ன? சாக்லேட் சாப்பிடும் உரிமை. அதற்காகத் துரத்துகிறார்கள், துரத்தப்படுகிறார்கள், சாகிறார்கள். பையன் அப்பாவின் இடத்துக்கு வரணும் என்றால் அவன் உடம்பு சித்திரவதைக்குப் பழகணும். அதற்கென்றே ஒரு பள்ளிக்கூடம். சத்தமில்லாமல் துன்பப்படு என்பது அதன் பொன்மொழி. ரெனே கத்துகிற பையன். அவனுக்கு வலி பிடிக்காது. கொரில்லாக்கள் மலையேறுவதற்கு நாலு வருஷம் முன்னால் எழுதப்பட்ட இந்தப் பிரதி, லட்சியத்தை எதிர்க்கவில்லை. எந்த லட்சியமும் முதலில் ஓர் உடம்பைக் கேட்கும் என்பதையும், வலி தாங்க மறுக்கிற உடம்பை அது துரோகியாகத்தான் பார்க்கும் என்பதையும் காட்டுகிறது.

விமர்சனத்திலும் அவர் இதையேதான் செய்தார். கவிஞர் எமிலியோ பயாகாஸ் 1954இல் இறந்தார். மறு ஆண்டு அவர் கவிதைகளின் தொகுப்பு சிந்தியோ வித்தியேரின் முன்னுரையோடு வந்தது. கவிஞரின் வேதனை பற்றி, ஆன்மா பற்றி, கடவுள் பற்றி முன்னுரை பேசியது. அந்த வேதனை எதிலிருந்து வந்தது என்பதை மட்டும் சுற்றிக்கொண்டு போனது. பின்யேரா தான் பங்கெடுத்து நடத்திய 'சிக்ளோன்' என்ற சிறுபத்திரிகையில் 1955இலேயே பதில் எழுதினார்: பயாகாஸ் ஆண்களை விரும்பியவர், கடைசிவரை அதோடு போராடியவர்; அதைத் தவிர்த்துவிட்டு இந்தக் கவிதையைப் படிப்பது நாகரிகம் ஆகாது, பொய். செத்தவரின் அந்தரங்கத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்தார் என்ற கோபம் வரத்தான் செய்தது. இன்றைக்கும் நம்மில் பலருக்கு அந்தக் கோபம் நியாயமாகப் படும். ஆனால் யோசிக்க வேண்டும்: மனைவியை நேசித்த கவிஞரின் கவிதையில் மனைவியைக் குறிப்பிடுவது யாருக்கும் அந்தரங்க மீறலாகத் தெரியவில்லையே. ஒருவகை ஆசை வாழ்க்கை வரலாறாகவும் இன்னொருவகை ஆசை கிசுகிசுவாகவும் பிரிக்கப்படுகிறது. அந்தப் பிரிவினைதான் இங்கே வேலை செய்கிற அதிகாரம்.

3

1959இல் புரட்சி வென்றபோது பின்யேரா அதன் எதிரி அல்ல. 'ரெவொலூசியோன்' நாளிதழில் 'எழுத்தர்' என்ற புனைபெயரில் வாராவாரம் எழுதினார். அதன் இலக்கிய இணைப்பான 'லூனெஸ்' இதழில் தீவிரமாக இயங்கினார். 1960இல் அவருடைய நாடகங்கள் முழுத் தொகுப்பாக வந்தன. அதே ஆண்டு ஹவானா வந்த சார்த்தருக்கும் சிமோன் த பூவாவுக்கும் 'எலெக்ட்ரா கர்ரிகோ' நடித்துக் காட்டப்பட்டது. வறுமையும் அவமதிப்பும் கண்ட மனிதருக்கு முதன்முறையாக ஒரு நாடு தன்னுடையதாகத் தெரிந்த காலம் அது. அதனால்தான் 1961 ஜூனில் அவர் சொன்னது எதிரியின் வாக்குமூலம் ஆகாது. உள்ளே இருந்துகொண்டு, உள்ளேயே இருக்க ஆசைப்பட்டுக்கொண்டு பேசிய பேச்சு. அந்தக் கூட்டத்தின் கடைசி நாளில் காஸ்ட்ரோ ஆற்றிய உரை, புரட்சிக்குள் எல்லாம் உண்டு, புரட்சிக்கு எதிராக எதுவும் இல்லை என்ற சூத்திரமாகச் சுருங்கிப் போயிற்று. உள்ளே எது, வெளியே எது என்று கோடு போடுவது யார் என்பது அதில் இல்லை.

நாலே மாதம். 1961 அக்டோபரில் ஹவானாவில் ஒரு பெரிய போலீஸ் வேட்டை நடந்தது. 'மூன்று பி-க்களின் இரவு' என்று அதற்குப் பெயர். ஆணோடு சேரும் ஆண்கள், விலைமாதர்கள், தரகர்கள் - ஸ்பானியத்தில் மூன்று சொற்களுக்கும் முதல் எழுத்து ஒன்றே. அந்த வேட்டையில் குவானாபோ கடற்கரையில் தன் வீட்டில் இருந்த பின்யேராவும் கைதானார். நண்பர்கள் தலையிட்டதில் சீக்கிரம் வெளியே வந்தார். அடுத்த மாதமே 'லூனெஸ்' நின்றது. அவர் போட்ட பயத்துக்குத் தேதியும் இடமும் கிடைத்துவிட்டன.

இன்னொரு சம்பவம். ஸ்பானிய எழுத்தாளர் ஹுவான் கொய்திசோலோ தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருப்பது. 1963இல் அல்ஜியர்ஸ் நகரத்துக் கியூபத் தூதரகத்தில் சே குவேரா உட்கார்ந்திருக்கிறார். கண்ணில் ஒரு புத்தகம் படுகிறது: பின்யேராவின் நாடகத் தொகுப்பு. எடுத்துச் சுவரில் வீசி, இந்த 'மரிக்கோனை' இங்கே யார் படிப்பது என்று கத்துகிறார். சே படம் போட்ட சட்டையை நம் இளைஞர்களும் போட்டுக்கொண்டுதான் திரிகிறார்கள்; அதைக் கழற்றச் சொல்ல இதை நான் எழுதவில்லை. பொலிவியக் காட்டில் செத்த மனிதரின் நேர்மையை இந்த ஒரு வீச்சு அழித்துவிடாது. ஆனால் அந்த நேர்மையும் இந்த வீச்சும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை என்பதைப் பார்க்கத்தான் வேண்டியிருக்கிறது. 1965இல் சே எழுதிய 'சோசலிசமும் கியூபாவில் மனிதனும்' என்ற கட்டுரையின் மையம் 'புதிய மனிதன்'. தியாகம், ஒழுங்கு, தன்னை மறந்த உழைப்பு. அந்த உடம்பின் மாதிரி வடிவம் மலையில் துப்பாக்கியோடு திரிந்த கொரில்லாவின் உடம்பு. அங்கே பயத்துக்கு இடமில்லை. இருந்தால் அது ஜெயிக்கப்பட வேண்டிய பழைய மிச்சம்.

இந்த உடம்பின் மறுபக்கத்தை அரசு வெளிப்படையாகவே வரைந்தது. 1963 மார்ச்சில் ஹவானா பல்கலைக்கழகப் படிக்கட்டில் நின்று காஸ்ட்ரோ, இறுக்கமான கால்சட்டை போட்டுக்கொண்டு கிதாரோடு திரியும் பெண்மைத்தனமான பையன்களை ஏளனம் செய்தார். பிறகு அமெரிக்கப் பத்திரிகையாளர் லீ லாக்வுட்டிடம், அப்படிப்பட்ட ஒருவர் உண்மையான புரட்சிக்காரராக இருக்க முடியும் என்று நம்ப முடியவில்லை என்றார். 1965 முதல் 1968 வரை கமகுவே மாகாணத்தில் 'உமாப்' முகாம்கள் இயங்கின. மதநம்பிக்கையாளர்கள், தன்பாலீர்ப்பாளர்கள், 'சரியில்லாதவர்கள்' எனப்பட்டவர்கள் எல்லாம் முள்வேலிக்குள் கரும்பு வெட்டப் பிடித்துப் போடப்பட்டார்கள். உழைப்பு அவர்களை ஆண்களாக்கும் என்பது நம்பிக்கை. பின்யேரா அங்கே அனுப்பப்படவில்லை. அனுப்பப்படலாம் என்று தெரிந்துகொண்டு வாழ்ந்தார். அந்த வாழ்க்கைக்கு வேறு பெயர் வேண்டியதில்லை.

நியாயமான ஒரு ஆட்சேபம் இருக்கிறது. பிக்ஸ் விரிகுடாப் படையெடுப்பு 1961 ஏப்ரலில் நடந்தது; ஜூன் கூட்டத்துக்கு இரண்டே மாதம் முன்னால். 90 மைல் தூரத்தில் அமெரிக்கா. பாடிஸ்டா காலத்து ஹவானா அமெரிக்கப் பயணிகளின் சூதாட்டக்கூடமாகவும் விபச்சார விடுதியாகவும் கிடந்ததும் உண்மை. முற்றுகைக்கு உள்ளான சின்ன தேசம் கட்டுக்கோப்பை விரும்பாமல் என்ன செய்யும்? சரி. ஆனால் முற்றுகை எதை விளக்குகிறது? எல்லையில் காவல் போடுவதை விளக்கும். நாடகக்காரனின் படுக்கையறையில் காவல் போடுவதை விளக்காது. அதற்கான சரக்கு கத்தோலிக்கத் திருச்சபையிலும் கரும்புத் தோட்ட முதலாளியின் ஆண்திமிரிலும் சோவியத் ஒழுக்கப் பாடத்திலும் ஏற்கெனவே தயாராக இருந்தது. சொத்தை மாற்றிய புரட்சி, வசவுச்சொல்லை அப்படியே வாரிசுரிமையாக வாங்கிக்கொண்டது.

4

இப்போது நாடகத்துக்கு வரலாம். 'பயந்துபோன இரண்டு கிழடுகள்' என்று தமிழில் சொல்லலாம். 1968இல் ஹவானாவின் காஸா தெ லாஸ் அமெரிக்காஸ் நிறுவனத்தின் நாடகப் பரிசு இதற்குக் கிடைத்தது. பரிசு கொடுத்த நகரத்தில் அது மேடையேற 1990 ஆகிவிட்டது. ஆசிரியர் செத்து 11 வருஷம்.

ஓர் அறை. தாபோ, தோத்தா என்று வயசான இரண்டு பேர், கணவன் மனைவி. ஒருவரை ஒருவர் கொல்வதாக விளையாடுகிறார்கள். ஏனென்றால் செத்தவர்களுக்குப் பயம் கிடையாது. செத்தது போல நடித்தால் கொஞ்ச நேரத்துக்காவது நினைத்ததைப் பேசலாம், கேட்கலாம். தாபோ பத்திரிகைகளிலிருந்து இளைஞர்களின் படங்களை வெட்டியெடுத்து எரிக்கிறான். கண்ணாடியைப் பார்க்கப் பயம். நிரப்ப வேண்டிய ஒரு கேள்வித்தாளைப் பற்றி ஓயாத பயம்: எந்தப் பதில் எழுதினால் எந்த வினை வரும்? மேடையில் பயம் ஓர் ஒளிக்கூம்பாகவே வந்து விழுகிறது. கிழவன் அதோடு மல்லுக்கட்டுகிறான். விடிந்தால் மறுபடி அதே விளையாட்டு.

இது அபத்த நாடகம் என்று முத்திரை குத்தி அயனெஸ்கோ, பெக்கெட் வரிசையில் வைப்பது வழக்கம். அந்த வரிசையே கொஞ்சம் இடிக்கிறது. பின்யேராவின் 'பொய் எச்சரிக்கை' 1949இலேயே 'ஒரிஹெனெஸ்' இதழில் அச்சாகிவிட்டது. அயனெஸ்கோவின் 'மொட்டைப் பாடகி' மேடையேறியது 1950இல். யார் முந்தி என்ற பந்தயம் நமக்கு வேண்டாம். கவனிக்க வேண்டிய வித்தியாசம் வேறு. பெக்கெட்டின் ஆட்கள் காத்திருப்பது வராத ஒருவருக்காக. பின்யேராவின் கிழடுகள் பயப்படுவது கட்டாயம் வரப்போகிற ஒருத்தருக்கு. அவர் கையில் படிவம் இருக்கும். இருத்தலியல் கேள்வியை அவர் நிர்வாகக் கேள்வியாக இறக்கிவிட்டார். இந்தப் பிரதியின் அரசியல் அங்கேதான் இருக்கிறது.

இன்னொன்று. வீரத்தை எப்படிக் காட்டுவது என்பதற்கு நாடக மேடைக்கு ஆயிரம் வழி தெரியும்: வசனம், வாள், மரணம். பயத்தைக் காட்டினால் அது பெரும்பாலும் நகைச்சுவைப் பாத்திரத்தின் வேலை. பயந்தவனைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் பார்வையாளர் தான் வீரன் என்ற நினைப்போடு வீட்டுக்குப் போவார். பின்யேராவின் நாடகத்தில் சிரிப்பு உண்டு, ஆனால் அந்த வசதி கிடையாது. வீரனாக இன்னொருத்தர் மேடையில் இல்லாதபோது யாரோடு ஒப்பிட்டுச் சிரிப்பது? அரங்கம் முழுக்க ஒரே பயம், அதைப் பங்குபோட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

5

1971 ஏப்ரலில் கல்வி, பண்பாட்டுக்கான முதல் தேசிய மாநாடு கூடியது. தன்பாலீர்ப்பாளர்கள் பண்பாட்டுத் துறையில் இளைஞர்களைப் பாதிக்கிற பொறுப்புகளில் இருக்கக் கூடாது, வெளிநாட்டில் நாட்டின் பிரதிநிதியாகப் போகக் கூடாது என்ற வகையில் தீர்மானங்கள் வந்தன. தேசியப் பண்பாட்டுக் குழுவின் பொறுப்பு லூயிஸ் பவோன் கைக்கு வந்தது. நாடகக்காரர்களுக்குக் கடிதம் போயிற்று: நீங்கள் தேவையான 'அளவுகோல்களுக்கு' உட்பட்டவர் அல்ல, எனவே இந்த வேலையில் நீடிக்க முடியாது. குழந்தைகளுக்கான பொம்மலாட்ட அரங்கமும் தப்பவில்லை. மேடையை ஏன் குறிவைத்தார்கள் என்று கேட்டால் பதில் எளிது. கவிதையை உடம்பு இல்லாமல் அச்சிடலாம். நாடகத்தில் உடம்பு வந்து நின்றாக வேண்டும். அது எப்படி நிற்கிறது, எப்படிக் கையை அசைக்கிறது என்பதெல்லாம் தெரிந்துபோகும்.

பின்யேராவைச் சிறையில் போடவில்லை. தேவைப்படவில்லை. அச்சில் வரவில்லை, மேடையில் வரவில்லை, விமர்சகர்கள் பெயரைச் சொல்லவில்லை. பிரெஞ்சிலிருந்து மொழிபெயர்த்துச் சம்பளம் வாங்கினார். தினமும் எழுதினார். ஹவானாவின் புறநகரான மந்தியாவில் ஒரு வீட்டில் கூடி வாசித்துக் காட்டினார். அங்கே வந்த இளைஞர்களில் ஒருவர் பின்னாளில் நாடகக்காரராகவும் நாவலாசிரியராகவும் அறியப்பட்ட அபிலியோ எஸ்தேவெஸ். அந்தக் கூட்டங்களும் போலீஸ் கண்ணில் பட்டு நின்றன. 1979 அக்டோபர் 18 அன்று மாரடைப்பில் இறந்தார். 67 வயது. கைப்பிரதிகள் பெட்டிகளில் கிடந்தன. 1987, 1988 ஆண்டுகளில்தான் அவை புத்தகங்களாக வரத் தொடங்கின.

அவரைக் கோழை என்று சொன்னவர்கள் ஒரு கணக்கைப் பார்க்கத் தவறிவிட்டார்கள். கப்ரேரா இன்ஃபாந்தே போனார். பிற்பாடு, 1980இல், ரெய்னால்தோ அரெனாஸ் போனார். போனவர்களைக் குறை சொல்ல எந்த நியாயமும் இல்லை. ஆனால் 'பயமாக இருக்கிறது' என்று சொன்ன ஆள் போகவில்லை. எலெக்ட்ராவைப் போலப் போகாத கதவுக்கு உள்ளே இருந்துகொண்டு, யாரும் போடப் போவதில்லை என்று தெரிந்த நாடகங்களை எழுதிக்கொண்டிருந்தார். பயமும் உறுதியும் எதிரெதிர்க் குணங்கள் என்ற நம் அகராதி இங்கே வேலைக்கு உதவவில்லை.

6

கதை பிறகு 'நல்லபடியாக' முடிந்தது என்றும் சொல்லலாம். 2007 ஜனவரியில் பவோனைக் கியூபத் தொலைக்காட்சி கௌரவமாகக் காட்டியபோது எழுத்தாளர்கள் கொதித்தெழுந்து மின்னஞ்சல்களில் பழைய கணக்கைத் திறந்தார்கள். பின்யேராவின் நண்பர் அன்தோன் அர்ரூஃபாத் எழுதி 1968இல் பரிசும் கண்டனமும் ஒருசேர வாங்கிய 'தீப்ஸை எதிர்த்த எழுவர்' அதே 2007இல் ஹவானா மேடைக்கு வந்தது. 2010இல் காஸ்ட்ரோ ஒரு மெக்சிகோ நாளிதழ் பேட்டியில், தன்பாலீர்ப்பாளர்கள் வேட்டையாடப்பட்டதற்கு யாராவது பொறுப்பென்றால் அது தானே என்று ஒப்புக்கொண்டார். 2012 பின்யேராவின் நூற்றாண்டு. கியூபாவே அதைக் கொண்டாடியது. 2022 செப்டம்பரில் நடந்த பொதுவாக்கெடுப்பில் ஏறத்தாழ 67 சதவீத வாக்குகளோடு புதிய குடும்பச் சட்டம் நிறைவேறி, ஒரே பாலினத்தவர் திருமணம் செய்துகொள்ளும் உரிமை வந்தது. இவை சின்ன விஷயங்கள் இல்லை. நம் ஊர்ச் சட்டம் இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது.

ஆனாலும் இந்த முடிவில் ஒரு கள்ளம் இருக்கிறது. ஹவானாவின் அதிகாரபூர்வ நினைவு அவரை, தவறு நேர்ந்தது, திருத்திவிட்டோம் என்ற அத்தியாயமாக்கிக்கொள்கிறது. மியாமியின் நினைவு அவரை, பார்த்தீர்களா புரட்சியின் லட்சணத்தை என்ற சாட்சியாக்கிக்கொள்கிறது. இரண்டு தரப்புக்கும் அவர் இப்போது வீரர். இரண்டு தரப்பும் அவருடைய பயத்தை எடுத்துக் கழுவி, தைரியமாக மாற்றி மாலை போட்டுவிட்டன. 1961இல் அவரிடமிருந்து பறிக்க நினைத்ததும் அந்தப் பயத்தைத்தான்.

இயக்கங்களில் இருக்கிறவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, பாலியல் சிறுபான்மையினரையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற புத்திமதியை அல்ல. அதைச் சொல்ல இப்போது எல்லாரும் இருக்கிறார்கள், கம்பெனிக்காரர்கள் உட்பட. கேட்க வேண்டிய கேள்வி இன்னும் நடைமுறையானது. நம் கூட்டங்களில் ஒரு தோழர் எழுந்து, இந்த அறையில் எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொன்னால் அடுத்த நிமிஷம் என்ன நடக்கிறது? யார் சிரிக்கிறார்கள்? யார் எதிரி கையில் ஆயுதம் கொடுக்காதே என்கிறார்கள்? யார் ஆம்பளையா இரு என்கிறார்கள்? சொன்னது ஒரு பெண்ணாக இருந்தால், ஒரு தலித்தாக இருந்தால், ஒரு திருநங்கையாக இருந்தால், சிரிப்பு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது? ஒரு அமைப்பு எதிரியை எப்படிச் சந்திக்கிறது என்பதை அதன் துண்டறிக்கையில் படித்துக்கொள்ளலாம். தன் ஆட்களின் பயத்தை அது என்ன செய்கிறது என்பது துண்டறிக்கையில் இருக்காது; அந்த ஒரு நிமிஷத்தில்தான் தெரியும். பின்யேராவின் நாடகங்கள் அந்த நிமிஷத்தைத்தான் மேடையேற்றுகின்றன. அவற்றைத் தமிழில் கொண்டுவந்து நடிக்க வேண்டிய காரணமும் அதுதான்.